பன்னிரண்டு புத்தகம் போதும்!

வருடம் பிறந்தால் போதும், சபதங்களுக்குப் பஞ்சமே இருக்காது. டைரி எழுதுவேன், காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நடப்பேன் என்ற பழைய சபதங்களோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. "இந்த வருடம் 50 புத்தகம் படிப்பேன்", "நான் 100"! குட்ரீட்ஸ் இணையதளம் 2011-ல் தொடங்கிய வருடாந்திர வாசிப்புச் சவாலுக்குப் பிறகு இது உலகம் முழுவதும் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. டிசம்பர் மாதம் வந்ததும் இலக்கை முடித்தவர்கள் படம் போட்டுக் கொண்டாடுவார்கள். முடிக்காதவர்கள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள் :-)

இணையத்துக்கு முன்பிருந்தே இதைச் செய்து வருபவை நூலகங்கள். ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை புத்தகம் எடுத்துப் படியுங்கள், அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள், முடித்தால் சான்றிதழ். அவ்வளவுதான் விஷயம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில் கலந்துகொள்ளும் ஒரு பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் ஆசை வருமா, அல்லது "இதற்கும் மார்க்கா?" என்ற வெறுப்பு வருமா என்பது, அந்தச் சவால் எதை எண்ணுகிறது என்பதில்தான் இருக்கிறது.

பெண்ணாடம் மாதிரி ஒரு பேரூராட்சியில் இருக்கும் கிளை நூலகம் இப்படி ஒரு சவாலை வருடா வருடம் நடத்தினால் அதில் கலந்துகொள்ளலாமா? கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். ஆனால் இலக்கு சின்னதாக இருக்க வேண்டும், புத்தகத்தை வாசகரே தேர்ந்தெடுக்க வேண்டும், முதல் பரிசு என்ற ஒன்று இருக்கவே கூடாது. இந்த மூன்றும்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் பொது நூலகங்கள் 1999-லிருந்து கோடைகால வாசிப்புச் சவால் ஒன்றை நடத்துகின்றன. 4 வயது முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள்தான் முக்கியமாகக் கலந்துகொள்கிறார்கள். கோடை விடுமுறையில் நூலகத்திலிருந்து வழக்கமாக ஆறு புத்தகம் எடுத்துப் படிக்க வேண்டும். ஆறுதான்! எந்தப் புத்தகம் என்பது பிள்ளையின் விருப்பம். படக்கதையா, சரி. விளையாட்டைப் பற்றியதா, சரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர், கடைசியில் ஒரு சான்றிதழ் அல்லது பதக்கம். இதற்குக் கட்டணம் கிடையாது. விடுமுறையில் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் மங்கிவிடுகிறது என்பதால் தொடங்கிய ஏற்பாடு இது. வருடா வருடம் பல லட்சம் பிள்ளைகள் சேர்கிறார்கள்.

பக்கத்தில் கேரளாவுக்கு வருவோம். அங்கே நூலக இயக்கத்தை ஊர் ஊராகக் கட்டியெழுப்பிய பி.என். பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் தேதியை 1996 முதல் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். கேரள மாநில நூலகக் கவுன்சில் வருடந்தோறும் வாசிப்புத் திருவிழா என்ற போட்டியையும் நடத்துகிறது. குறிப்பிட்ட சில புத்தகங்களைப் படித்துவிட்டு வர வேண்டும். முதலில் போட்டி, பிறகு தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். நல்ல புத்தகங்கள் ஒரே சமயத்தில் பல ஆயிரம் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன என்பது இதன் பலம். மேலே போகப் போக இது ஒரு பரீட்சை மாதிரி ஆகிவிடுவது இதன் பலவீனம்.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2005-ல் "வாசிப்போம் சிங்கப்பூர்" என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே புத்தகத்தைப் பலரும் படித்துவிட்டுக் கூடிப் பேசும்படி செய்தார்கள். யார் அதிகம் படித்தார் என்பது அங்கே கேள்வியே இல்லை.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், 2022 ஜூன் மாதம் 12 நாட்களுக்கு ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. செல்போன் செயலியின் முன்னால் பிள்ளைகள் சத்தமாகப் படிக்க வேண்டும், செயலி சொற்களை எண்ணிக்கொள்ளும். 18 லட்சம் பிள்ளைகள் சேர்ந்து 260 கோடிக்கும் மேற்பட்ட சொற்களைப் படித்தார்கள்! அதே வருடம், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நூலகப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, படித்ததைப் பற்றி எழுதிப் போட்டியிடும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மாநில அளவில் தேர்வாகிறவர்களுக்கு வெளிநாட்டுக் கல்விப் பயணம் பரிசு. அடுத்து 2023-ல் வந்தது வாசிப்பு இயக்கம். அதில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். யார் முதலிடம் என்று அவை கேட்கவில்லை. நீ இப்போது எந்தப் படியில் நிற்கிறாய் என்று மட்டும்தான் கேட்கின்றன. ஒரு சவாலுக்கு இதைவிட நல்ல பெயர் வைக்க முடியாது.

எண்ணிக்கை எங்கே தடம் மாறுகிறது?

260 கோடி சொற்கள் என்றதும் மலைப்பாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடம் எழுத்தே மறந்து போயிருந்த பிள்ளைகளுக்கு மறுபடியும் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் வர வேண்டும் என்பது அப்போதைய தேவை. அதற்குச் சொற்களை எண்ணியது சரியே. ஆனால் அந்த 260 கோடியில் எந்தக் கதை எந்தப் பிள்ளையின் மனதில் தங்கியது என்று எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. தட்டுத் தடுமாறாமல் படிக்க வைக்க எண்ணிக்கை உதவும். படித்ததை விரும்ப வைக்க அது உதவாது.

இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள நூலகம் நடத்திய கோடைகால வாசிப்புப் போட்டியில் 2013-ல் 9 வயதுப் பையன் ஒருவன் ஆறு வாரத்தில் 63 புத்தகம் படித்துத் தொடர்ந்து ஐந்தாவது வருடமாக முதலிடம் பிடித்தான். பாராட்ட வேண்டியதுதானே? ஆனால் நூலகத்தை நடத்தியவர், அவனே எப்போதும் ஜெயிப்பதால் மற்ற பிள்ளைகள் போட்டிக்கு வரத் தயங்குகிறார்கள், அவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், இனிமேல் பெயரைக் குலுக்கிப் போட்டுப் பரிசு கொடுக்கலாம் என்ற பொருளில் உள்ளூர்ப் பத்திரிகையிடம் பேசிவிட்டார். விஷயம் உலகப் பத்திரிகைகள் வரை போய்ப் பெரிய சர்ச்சை ஆனது.

பெரும்பாலானவர்கள் பையன் பக்கம் நின்றார்கள். அதில் தவறில்லை, அதிகம் படித்தது ஒரு குற்றமா? ஆனால் நூலகத்தை நடத்தியவர் கண்டதும் பொய்யில்லை. முதல் பரிசு யாருக்கு என்று தொடங்கும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், வருடத்துக்கு நான்கு புத்தகம் படிக்கும் பிள்ளை எதற்காக வரும்? இங்கே பிழை பையனிடமும் இல்லை, மற்ற பிள்ளைகளிடமும் இல்லை. படிப்பதை ஓட்டப் பந்தயமாக ஆக்கிய ஏற்பாட்டில் இருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் முன்னால் போனால் மற்றவர் பின்தங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒருவர் 63 புத்தகம் படிப்பதால் அடுத்தவர் படித்த ஆறு புத்தகத்தில் ஒரு பக்கம்கூடக் குறைந்துவிடப் போவதில்லையே!

பரிசு நல்லதா, கெட்டதா?

இதைப் பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளியில் நடந்து 1973-ல் வெளியான ஆராய்ச்சி மிகப் பிரபலமானது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை. சில நாட்கள் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் வரைபொருட்களை வைத்துவிட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்கு ஆசைப்பட்டு வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் ஆசை குறையவே இல்லை.

இது ஒரு புறம் இருக்க, எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பொருளாதார நிபுணர் ரோலண்ட் ஃப்ரையர் அமெரிக்காவின் சில நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். டல்லாஸ் நகரத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றிய சிறு தேர்வில் தேறினால் 2 டாலர். வேறு நகரங்களில் நல்ல மதிப்பெண் எடுத்தால் பணம். மதிப்பெண்ணுக்குக் காசு கொடுத்த இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. புத்தகத்துக்குக் காசு கொடுத்த இடத்தில் ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியதாகத் தெரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். இதுவரை புத்தகத்தைத் தொடாத பிள்ளையைத் தொட வைக்க ஒரு சின்னத் தூண்டுதல் உதவலாம். ஏற்கெனவே ஆசையாகப் படிக்கும் பிள்ளையின் முன்னால் கோப்பையைக் காட்டினால் அந்த ஆசைக்கே ஆபத்து. ஒரே நூலகத்துக்கு இரண்டு வகைப் பிள்ளைகளும்தான் வருகிறார்கள். அதனால்தான் பெரிய பரிசு வேண்டாம், முடித்த எல்லோருக்கும் ஒரே மாதிரி சின்னதாக ஏதாவது போதும் என்பது. அதையும் முன்கூட்டியே அறிவிக்காமல் கடைசியில் கொடுத்தால் இன்னும் நல்லது.

பெண்ணாடம் சொல்லும் கணக்கு

பெண்ணாடம் எண்ணிக்கைக்கு மயங்க வேண்டிய ஊரே இல்லை. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கும் இந்த ஊரின் பெயரைத் தமிழ் படித்தவர்கள் இன்றும் சொல்வதற்குக் காரணம் ஒரே ஒரு சின்னப் புத்தகம். பெண்ணாடத்து அச்சுத களப்பாளரின் மகனாகச் சொல்லப்படும் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் தந்த சிவஞானபோதம். மொத்தம் 12 சூத்திரம், 40 வரி! ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பக்கக் கணக்கு, புத்தகக் கணக்கு என்று பார்த்தால் இன்றைய எந்த வாசிப்புச் சவாலிலும் இது ஒரு புத்தகமாகக்கூடத் தேறாது.

ஆனால் அந்த 40 வரியை விரித்து மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்று தனி நூலே எழுதினார். 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதற்கு மாபாடியம் என்ற பேருரையை எழுதினார். சமயத்தில் நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, இதில் இருக்கும் வாசிப்புப் பாடத்தை மறுக்க முடியாது. சின்னப் புத்தகம் ஒன்றை நூற்றாண்டுக் கணக்கில் மறுபடி மறுபடி படித்திருக்கிறார்கள், வாதாடியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். எத்தனை படித்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. என்ன புரிந்தது என்றுதான் கேட்டார்கள்.

இதே மெய்கண்டாரின் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதையில் இன்னொரு சுவையான செய்தி வருகிறது. பிள்ளை இல்லாத வருத்தத்தில் இருந்த அச்சுத களப்பாளர் தம் குருவிடம் போய்க் கேட்க, அவர் தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பார்த்தாராம். அதாவது ஏட்டுக் கட்டுக்குள் கயிற்றை நுழைத்து, எந்த ஏடு வருகிறதோ அதைப் பிரித்துப் படிப்பது. அந்தக் காலத்து ரேண்டம் செலக்ஷன்! நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று தெரியாமல் அலமாரி முன்னால் நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை இழுங்கள், பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள்.

ஆகவே பெண்ணாடத்துக்கு இலக்கு பன்னிரண்டு. மாதம் ஒன்று. சின்னதாகத் தெரிகிறதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு புத்தகம் 200 பக்கம் என்று வைத்தால் 12 புத்தகம் 2,400 பக்கம். ஒரு நாளைக்கு ஏழு பக்கம்கூட இல்லை. பாசஞ்சர் ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். கரும்பு வெட்டப் போகும் வீட்டுப் பிள்ளையும், கடையில் நின்றுவிட்டு இரவு வீடு திரும்பும் பிள்ளையும் எட்டக்கூடிய எண் இது. 50 என்று சொல்லியிருந்தால் பிப்ரவரியிலேயே கைவிட்டிருப்பார்கள். பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். சூளையிலிருந்து அவசரப்பட்டு இறக்கினால் ஜாடி விரிசல் விட்டுவிடும் என்பது அங்கே வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாசிப்புக்கும் ஆறுகிற நேரம் வேண்டும்.

எப்படி நடத்தலாம்?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலகத்தின் ஐந்து விதிகளை உலகம் முழுவதும் நூலக அறிவியல் படிப்பவர்கள் படிக்கிறார்கள். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகமும் தொடங்கியது. அந்த வண்டி யாரிடமும் பட்டியல் நீட்டவில்லை, புத்தகத்தை நீட்டியது. ஒரு வாசிப்புச் சவாலும் அதைத்தான் செய்ய வேண்டும். சில யோசனைகள்:

1. வருடத்துக்கு 12 புத்தகம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 6 போதும். அதற்கு மேல் எத்தனை படித்தாலும் மகிழ்ச்சி, ஆனால் அட்டையில் இடம் 12 தான்.

2. எதைப் படிப்பது என்பது வாசகரின் விருப்பம். நாவலும் கணக்கில் வரும், படக்கதையும் வரும், கோழி வளர்ப்புப் புத்தகமும் வரும். ஏற்கெனவே படித்ததை மறுபடி படித்தாலும் வரும்.

3. பிடிக்காத புத்தகத்தை 50 பக்கத்தோடு திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-ல் வாசகரின் உரிமைகள் என்று ஒரு பட்டியலே போட்டார். முடிக்காமல் விடும் உரிமையும் அதில் உண்டு!

4. கதைச் சுருக்கம் எழுதச் சொல்லக் கூடாது. அது மறுபடியும் வீட்டுப்பாடம். அதற்குப் பதில், புத்தகத்துக்குள் ஒரு துண்டுத் தாளில் அடுத்து எடுப்பவருக்கு ஒரே ஒரு வரி. "நடுவில் கொஞ்சம் போரடிக்கும், விடாதீர்கள்" என்று எழுதினாலும் சரி.

5. 12-ல் ஒன்றாவது இந்த மண்ணின் புத்தகமாக இருக்கட்டும். விருத்தாசலத்தில் வாழும் இமையம் "செல்லாத பணம்" நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழிலாளியாக இருந்துகொண்டே "அஞ்சலை" நாவலை எழுதினார், நடுநாட்டுச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். வீட்டில் பேசும் பேச்சு அச்சில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்குப் புத்தகம் அந்நியமாகத் தெரியாது. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனும், திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனும் இந்த மாவட்டத்துக்காரர்களே. புதுமைப்பித்தனின் இயற்பெயரே விருத்தாசலம்தான்!

6. ஒரு மாதம் கயிறு சாத்தும் மாதம். பார்க்காமல் எடுத்த புத்தகம்.

7. முதல் இடம், இரண்டாம் இடம் கிடையாது. அட்டையை நிரப்பிய எல்லோருக்கும் ஒரே மரியாதை. இந்தியாவில் 1968 முதல் நவம்பர் 14-லிருந்து 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. வழக்கமாகப் பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள் நடக்கும் அந்த வாரத்திலேயே சவாலைத் தொடங்கி, அடுத்த நவம்பரில் முடிக்கலாம்.

"ஆனால்..." என்பவர்களுக்கு

"பரிசு இல்லை என்றால் யார் வருவார்கள்?" என்று ஒரு கேள்வி வரும். முதல் வருடம் இருபது பேர் வரலாம். பரிசுக்காக வந்த இருநூறு பேர் பரிசு நின்றதும் போய்விடுவார்கள். அந்த இருபது பேர் அடுத்த வருடமும் வருவார்கள். ஒரு கிளை நூலகத்துக்கு எது முக்கியம்? தினமும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது என்ற கணக்கைப் பார்த்துத்தான் ஒரு நூலகம் உயிரோடு இருக்கிறதா என்று சொல்கிறார்கள். ஒருநாள் கூட்டத்தைவிட வருடம் முழுக்க வரும் இருபது பேர் அந்தப் பதிவேட்டுக்குப் பெரிய பலம்.

"படிக்காமலே படித்ததாக ஏமாற்றினால்?" ஏமாற்றி என்ன கிடைக்கப் போகிறது? கோப்பை இருந்தால்தான் பொய்க்கு லாபம்.

"வேலைக்குப் படிக்கிறோம், கதைப் புத்தகத்துக்கு ஏது நேரம்?" இதுதான் கடினமான கேள்வி. இன்று தமிழ்நாட்டின் எந்தக் கிளை நூலகத்துக்குள் நுழைந்தாலும் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள்தான் அதிகம் உட்கார்ந்திருப்பார்கள். பலருக்கு அந்தத் தேர்வை நம்பித்தான் குடும்பமே காத்திருக்கிறது. அவர்களிடம் போய் இலக்கியம் படி என்று உபதேசம் செய்வது நியாயமில்லை. அவர்கள் படிக்கும் வரலாற்றுப் புத்தகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்குச் சவால் ஒன்றே ஒன்று கேட்டால் போதும். 12-ல் ஒரு புத்தகம், ஒன்றே ஒன்று, கேள்வித்தாளில் வர வாய்ப்பே இல்லாத புத்தகமாக இருக்கட்டும். தேர்வு முடிவு எப்படி வந்தாலும் அந்த ஒரு புத்தகம் வீணாகாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை விட்ட ஜெயகாந்தன் பிறகு படித்ததெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்ததில்லை.

"செல்போன் வந்த பிறகு இதெல்லாம் நடக்குமா?" நாளைக்கு ஏழு பக்கம்தான் கேட்கிறோம், செல்போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை :-)

நுழைவுக் கட்டணம் ஏற்கெனவே கட்டியாயிற்று

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1948-ல். அந்தச் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்குகின்றன. இப்போது வரி ரூபாய்க்கு 10 காசு. அதாவது பெண்ணாடத்தில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் நூலகத்துக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டிருக்கிறது. சிமெண்ட் தரை போட்ட சின்ன வீடானாலும் சரி, மாடி வீடானாலும் சரி. கட்டிய காசுக்குப் புத்தகம் எடுக்காமல் இருப்பது, கூலி கொடுத்து அரைத்த மாவை மில்லிலேயே விட்டுவிட்டு வருவது மாதிரி.

புத்தகம் விலை கொடுத்து வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு நூலகத்தின் சவால் ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம். வீட்டில் பாடப் புத்தகத்தைத் தவிர அச்சடித்த தாளே இல்லாத பிள்ளைக்கு அது ஒரு கதவு. அந்தக் கதவில் "முதல் மூன்று பேருக்கு மட்டும்" என்று எழுதி வைக்கலாமா? அந்தப் பிள்ளைகள்தான் முதலில் திரும்பிப் போவார்கள். ஏற்கெனவே பள்ளியில் கடைசி பெஞ்ச், இங்கேயும் கடைசியா என்று நினைப்பார்கள். அப்படி ஒரு முறை திரும்பிப் போன பிள்ளையை மறுபடி நூலகத்துக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். வாசிப்புச் சவாலில் உண்மையாகவே தோற்றுப் போவது என்றால் அதுதான்.

உங்கள் ஊர் நூலகத்தில் இப்படி ஒரு சவால் நடக்கிறதென்றால் பெயரைக் கொடுத்துவிடுங்கள். நடக்கவில்லை என்றால் நூலகரிடம் கேளுங்கள், நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. அதற்கும் வழியில்லை என்றால் ஒரு பழைய நோட்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரமே போய் முதல் புத்தகத்தை எடுங்கள். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால்... இருக்கவே இருக்கிறது கயிறு!